உடையாத பின்கண்ணாடி

கண்ணாடின்னு சொல்லாதீங்க மேடம், இது பாலிகார்பனேட், சுத்தியல எடுத்து அடிச்சாலும் உடையாது என்று விளம்பரப் பலகைச் சாமான்கள் விற்கிற கடைக்காரர் சொன்னபோதே அந்தச் சுத்தியலை யார் கையில் கொடுப்பது என்று தாட்சாயணி முடிவு செய்துவிட்டாள், வரதன் கையில்தான், அடிடா, அடிச்சுப் பாரு என்று சொல்ல வேண்டும், அவன் ஓங்கி அடிக்க வேண்டும், சுத்தியல் எகிறி அவன் நெற்றிக்கே திரும்ப வேண்டும், நெற்றி வேண்டாம், பல், முன்பல் இரண்டும், அப்புறம் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அவளுடைய கிளினிக்குக்கே ஓடிவந்து அந்த நாற்காலியில் மல்லாக்கச் சாய வேண்டும், வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம், இப்பப் பேசக் கூடாது. ஒரு பல் மருத்துவருக்கு வரக்கூடாத ஆசை. வந்துவிட்டது. வந்து இரண்டு வருஷமாக நெஞ்சில் குடியிருக்கிறது, வாடகை கேட்காத குடித்தனம். சனிக்கிழமை மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல், கணபதிப் பகுதியில் இருக்கிற இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்தவள் இப்போது அந்தப் பாலிகார்பனேட் தகட்டின் ஓரத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். அழுத்தக் கூடாது. பல்லில் போலத்தான், அழுத்தினால் சூடேறும், சூடேறினால் இது உருகித் துளையின் விளிம்பு வெளுத்துப்போகும். போல்ட்டைவிடத் துளை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், வெயிலில் இது விரியும், விரிய இடம் கொடுக்காமல் இறுக்கினால் அந்தத் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும். விரிய இடம் கொடுக்காமல் இறுக்கினால். ஆமாம், எல்லாவற்றுக்கும் அப்படித்தான், சரி, அதை விடு, அடுத்த துளை. கொட்டகைக்கு நடுவில் அந்தக் கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது, சிவப்பு, இரண்டே கதவு, ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், பின்கண்ணாடி இருந்த இடம் மட்டும் பொக்கை வாய். இந்த மாடலுக்குக் கண்ணாடி வருவது நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கேயாவது கிடைக்கும் அம்மிணி, தேடிப் பார்க்கலாம் என்று அடுத்த கொட்டகை லேத் பட்டறை மயில்சாமியண்ணன் சொன்னார். கிடைத்தாலும் வேண்டாம் என்றாள். தன் பிடரிக்குப் பின்னால் இனி ஒரு நாளும் கண்ணாடி இருக்கக் கூடாது. அதை அவரிடம் சொல்லவில்லை. எடை குறையுமுங்கண்ணா என்றாள்.

எடை குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் பிடரி. பிடரியில் அன்றைக்கு விழுந்தவை கூர்கூராக இல்லை, அது இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது, ஜவ்வரிசி மாதிரி, கை நிறைய அள்ளி யாரோ சட்டைக் கழுத்துக்குள் கொட்டியதுபோலச் சில்லென்று இறங்கின. அப்புறம்தான் வலி. அதற்கு முன்னால் மரம், காரின் பின்பக்கம் போய் அதில் மோதியது. மோதுவதற்கு முன்னால் கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது, காப்பித் தோட்டம் முழுக்க ஒரு பச்சைக் கோடாக இழுபட்டது, அதற்கு முன்னால் அவள் சொன்னாள். சொன்னாள். ஆறு வருஷம் வரதன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வழி படித்தவள் அவள். மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது, பக்கத்தில் இருக்கிறவர் முன்னாலேயே போய்ப் பார்த்துக் குறித்துவைத்ததைப் படிக்கப் படிக்க, அந்தக் குரலை நம்பி மிதிப்பான். எல்லாரும் இங்கிலீஷில் படிப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் தமிழில் வைத்துக்கொண்டார்கள், வேகமாகப் போகும்போது தமிழ்தான் நேராக மண்டைக்குள் போகுது தாட்சா என்று அவன்தான் சொன்னான், அதற்கு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள், மடச்சி. இடது அஞ்சு. மேடு, கவனம். வலது மூணு. எண் சின்னதாக ஆக ஆக வளைவு கூர்மை. வலது மூணு குறுகுது. உள்ளே போகப் போக வளைவு இன்னும் இறுகும், காலை எடு, பிரேக்கில் வை என்று அர்த்தம். வலது மூணு குறுகுது என்று சொன்னாள். அவன் காலை எடுக்கவில்லை. எடுக்காத அந்த நொடியை அவள் பார்த்தாள், ஷூவின் நுனி அசையவே இல்லை, இவன் ஏன் என்று நினைத்து முடிப்பதற்குள் ஜவ்வரிசி. காறையெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சீப்பால் அவள் முடியை வாரி வாரிக் கண்ணாடித் துணுக்குகளை ஒரு தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள், ணிங், ணிங் என்று ஒவ்வொன்றாக. வீட்டுக்கு வந்த பிறகும் தலையணை உறையில் ஒன்று, காதுமடலுக்குப் பின்னால் ஒன்று, எப்போதோ பிரித்துப் போட்ட சட்டை மடிப்பில் ஒன்று. இப்போதுகூடத் தட்டில் ஸ்பூன் விழுந்தால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

ஆனால் எலும்பு கூடிவிட்டது. எலும்புக்காக யாரும் இரண்டு வருஷம் பல்லைக் கடிக்க மாட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் அவளைக் கட்டிவைத்திருந்தபோது, மெக்கானிக்குகள், மற்ற டீம்காரர்கள், பணம் போட்ட அவனுடைய அப்பா என்று அத்தனை பேரும் சுற்றி நிற்கும்போது, அவள் போர்வைமேல் கையை வைத்துக்கொண்டு அவன் சொன்னான். தாட்சா குறுகுதுன்னு சொல்லவே இல்லீங்கப்பா, வலது மூணுன்னு மட்டும்தான் சொன்னா, பாவம், பயந்துட்டாளாட்ட இருக்குது. பாவம். அந்தப் பாவத்தைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பொய்யைக்கூட ஒரு ஓரமாக வைத்துவிடலாம், பொய் சொல்கிறவன் பயத்தில் சொல்கிறான், அந்தப் பாவம் மட்டும் அவனாக மெனக்கெட்டுச் சேர்த்துக்கொண்டது, இட்லிக்கு மேல் நெய் விடுவதுபோல. அவள் வாயைத் திறந்தாள், ஆக்சிஜன் மூடிக்குள் ஆவிதான் படிந்தது. அதன் பிறகு ஒருத்தரும் அவளைப் பக்கத்தில் உட்காரக் கூப்பிடவில்லை. இந்தச் சந்து முழுக்க ஊரின் பந்தயக் கார்களைப் பழுது பார்க்கிற கொட்டகைகள், இந்தச் சந்தில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்தது, பாதி சொல்ற டாக்டர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது, அவளுக்கு எல்லாமே முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. அவன் இந்தக் காரைக் கழித்துக்கட்டியபோது தரகர் ஒருத்தரை வைத்து அவள் வாங்கினாள், வாங்குவது யார் என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லி. நெளிந்ததை நிமிர்த்தினாள், எஞ்சினைப் பிரித்துக் கோத்தாள். நாளை டிராக்கில் நேரப் பந்தயம், ஒவ்வொரு காராகத் தனித்தனியாக ஓடும், பக்கத்தில் ஆள் கிடையாது, படிக்க ஒன்றும் கிடையாது. அவனும் ஓட்டுகிறான். அவனுடைய காரிலேயே அவனைவிட வேகமாக ஓட்ட வேண்டும். இது போதுமா. போதாது. ஒரு தடவை வேறொரு பந்தயத்தில் வேடிக்கை பார்க்கப் போனவள், அவன் வண்டி ஆளில்லாமல் நின்றிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள், கீழே வீல் ஸ்பேனர் கிடந்தது, குனிந்து எடுத்தாள், எடுத்துக் கையில் கனம் பார்த்தாள், இடது முன்சக்கரம், நட்டுகளை அரைச் சுற்றுச் சுற்றினால் போதும். யாரோ தும்மினார்கள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். தும்மாமல் இருந்திருந்தால். இல்லை, செய்திருக்க மாட்டேன். செய்திருப்பேனா. அவளுக்கே அவளைப் பற்றிச் சொல்ல முடியாத இடம் அது, அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம்.

இன்னொரு இடமும் இருக்கிறது, அதற்குள் அவள் போவதில்லை, ஆனால் துளை போடும்போது இந்த ரீங்காரத்தில் கால் தானாக அங்கே வழுக்குகிறது. சொன்னேனா. சொன்னேன். குரல் வெளியே வந்ததா, இல்லை மனதுக்குள் மட்டும் சொன்னேனா. குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், சிக்னலில் நிற்கும்போது, நோயாளி வாய் கொப்பளிக்கும்போது, வலது மூணு குறுகுது, வலது மூணு குறுகுது, இத்தனை தடவை சொன்னதில் எது முதலில் சொன்னது என்று தெரியாமல் போய்விட்டது. குறுகுது. குறுகுது. கொஞ்ச நேரம் சொன்னால் அது தமிழ் வார்த்தையாகவே இல்லை, ஏதோ புறா கத்துகிற மாதிரி. அவன் திருடியது அதைத்தான். பெயர் போனால் போகிறது, என் காதிலேயே என் குரலை எனக்கு நம்பிக்கை இல்லாமல் ஆக்கிவிட்டான், இதற்கு எந்தப் பல்லைப் பிடுங்குவது. கடைசித் துளை முடிந்தது. சோப்புத் தண்ணீரில் துணியை முக்கித் துடைத்தாள், பெட்ரோல், பெயின்ட் தின்னர் எதுவும் பட்டால் தகடு நரம்பு நரம்பாக வெடித்துவிடும். உட்பக்கத்துப் பாதுகாப்புத் தாளை உரித்தாள், வெளிப்பக்கத்து வெள்ளைத் தாள் கடைசிவரை இருக்கட்டும், கீறல் விழாது. இனி உள்ளே ஒரு ஆள் படுத்து நட்டுகளைப் பிடிக்க வேண்டும், வெளியே அவள் போல்ட்டை முடுக்க வேண்டும், மயில்சாமியண்ணனைக் கூப்பிடலாம், லேத் ஓடுகிற சத்தம் நின்றதும் கூப்பிடலாம் என்று நிமிர்ந்தபோது வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒருத்தன் நின்றான்.

வெள்ளைச் சட்டை. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இரண்டு வருஷம் மனதில் வைத்து அடித்த முகத்தைவிட இந்த முகம் சின்னதாக இருந்தது, அதுவே ஒரு ஏமாற்றம்.

"வண்டிய எடுத்தது நீதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றான் வரதன்.

அவன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். "பாலிகார்பனேட்டா? சீக்கிரம் கீறல் விழுமே."

"விழுகட்டும். உடையாதில்ல."

அவன் சிரிக்க முயன்றான். அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னான். வடக்கே ஒரு பெரிய மலைப்பந்தயம் வருகிறது, பணம் போட ஆள் இருக்கிறது, புது வண்டி தயார், பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை, எத்தனையோ பேரை மாற்றிப் பார்த்துவிட்டான், ஒருத்தன் தாமதமாகச் சொல்கிறான், ஒருத்தன் கத்துகிறான். "உன்ன மாதிரிப் படிக்க ஒருத்தருமில்ல தாட்சா. நீ சொன்னீன்னா கண்ண மூடிட்டு மிதிக்கலாம்."

கண்ண மூடிட்டு மிதிக்கலாம். அவள் காதில் ரத்தம் அடிக்கிற சத்தம் லேத்தையும் மீறிக் கேட்டது. ஒரு வார்த்தையை விழுங்கி உன்னை மரத்தில் மோதவைத்தவளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் பக்கத்தில் கூப்பிடுவாயா. கூப்பிட மாட்டாய். எவனும் கூப்பிட மாட்டான். அப்படியானால் உனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும், போர்வைமேல் கை வைத்தபோது தெரியும், பாவம் என்றபோது தெரியும். அப்படியானால் நான் சொன்னேன். சொன்னேன், குரல் வெளியே வந்தது, காற்றில் போய் இவன் காதில் ஏறியது. கால் தரையில் நன்றாகப் பதிந்தது. இத்தனை நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது சட்டென்று ஆறிக் கெட்டியாகி ஒரு கருவி மாதிரிக் கைக்குள் வந்தது. கத்தலாம். அறையலாம். அறைந்தால் அவனுக்குச் சுலபம், வாங்கிக்கொண்டு கணக்கு நேராகிவிட்டது என்று போய்விடுவான். மெதுவாகப் போ தாட்சா. அழுத்தாதே.

"உள்ள ஏறு" என்றாள்.

"என்னது?"

"நட்டு பிடிக்க ஆள் வேணும். ஏறு, பேசிக்கலாம்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தாள், பேசிக்கலாம் என்ற வார்த்தைக்கு அவ்வளவு மலர்ச்சி. சட்டைக் கையை மடித்துவிட்டு, முன்சீட்டை மடக்கி, கவிழ்ந்தால் நசுங்காமலிருக்கக் காருக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற இரும்புக் குழாய்களுக்கு இடையில் உடம்பை நுழைத்து நுழைத்து, பின்பக்கம் போய் ஒருக்களித்துப் படுத்தான், முழங்கால் நெஞ்சைத் தொட்டது. ஸ்பேனரைக் கொடுத்தாள். தகட்டைத் தூக்கி அந்தப் பொக்கை வாயின்மேல் வைத்தாள். வெள்ளைத் தாளுக்குப் பின்னால் அவன் ஒரு நிழலாக மட்டும் இருந்தான், மீன் தொட்டியைத் துணி போட்டு மூடியதுபோல. மேல் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போக வேண்டும், அப்போதுதான் தகடு வளைவோடு படியும். முதல் போல்ட், ரப்பர் வாஷர், பிடிச்சுக்கோ. பிடிச்சிருக்கேன். அடுத்தது. தகரக் கூரையின் சூடு முழுக்க அந்தக் காருக்குள்தான் இறங்கும், அவளுக்குத் தெரியும், வேகம் காட்டவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிவிட்டு வாஷர் நசுங்காமல் கொஞ்சம் தளர்த்தினாள். அப்புறம் உள்ளேயிருந்து, முகம் தெரியாததாலோ என்னவோ, அவன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான்.

"தாட்சா, அன்னைக்கி நீ சொன்ன. எனக்குக் கேட்டுச்சு. போயிரலாம்னு நெனச்சு மிதிச்சுட்டேன். அப்பா முன்னாடி என் தப்புன்னு சொல்ல வாய் வரல."

கீழ்ப்பக்கம் இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தைகள் இப்படி ஒரு இடுக்கு வழியாக, பூனை போல, சத்தமில்லாமல் வந்து காலை உரசுகின்றன. இவ்வளவுதானா. பொய்யை ஊரே கேட்கச் சொன்னான், நிஜத்தை எனக்கு மட்டும் சொல்கிறான், அது எனக்குத் தெரியாததா. அழுகை வந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"கேக்கல" என்றாள்.

"நீ சரியாத்தான் சொன்னன்னு சொல்றேன்."

"கேக்கல வரதா. தகடு மறைக்குது. சத்தமாச் சொல்லு."

பக்கத்தில் லேத் நின்றது. டீ நேரம். சந்தில் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கி டம்ளர்களும் பேச்சும் கிளம்பின, பெயின்ட் கொட்டகை ஆட்கள், எஞ்சின் கட்டுகிற இரண்டு பேர், மயில்சாமியண்ணன், அவள் வாசலுக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தடிதான் எல்லாரும் நிற்கிற இடம். அவள் கீழ்ப்பக்கத்துப் போல்ட்டுகளையும் போட்டாள். தகடு முழுக்கப் படிந்தது. அவன் மூச்சு உட்பக்கம் ஆவியாகத் தெரிந்தது. இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் உயர்த்தி, ஆனால் இன்னும் கூச்சத்தோடு, நீ சொன்ன, குறுகுதுன்னு சொன்ன என்றான். அவள் கொட்டகைக் கதவின் மற்றொரு பாதியையும் தள்ளித் திறந்தாள். வெயில் நேராகக் காரின் பின்பக்கத்தில் விழுந்தது. வெள்ளைத் தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்து, சரசரவென்று ஒரே இழுப்பாக உரித்தாள், அந்தச் சத்தத்துக்கு மரத்தடியில் எல்லாத் தலையும் திரும்பின. அப்படி ஒரு தெளிவு. தகடே இல்லாததுபோல. அதற்குப் பின்னால் வரதன், நனைந்த சட்டையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு, நகைக்கடை ஜன்னலில் வைத்த மாதிரி. அவன் முதலில் அவளைப் பார்த்தான், அப்புறம் அவளுக்குப் பின்னால் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அட, வரதன் தம்பியா உள்ள?" என்றார் மயில்சாமியண்ணன், டம்ளரோடு கிட்டே வந்து. "என்னங் அம்மிணி, ஆள வெச்சே பூட்டிட்டீங்க?"

"நட்டு பிடிக்கறாருங்கண்ணா. ஏதோ சொல்லோணுமாம், எனக்குக் கேக்க மாட்டேங்குது."

கதவு பூட்டவில்லை. அவன் நினைத்தால் குழாய்களுக்கிடையில் நெளிந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டுப் போகலாம், அவளால் ஒன்றும் செய்ய முடியாது, அது அவளுக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும். வருவான் என்றே நினைத்தாள். வந்துவிடு, வந்தால் இன்னும் பல வருஷம் உன்னை வெறுக்க வசதியாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். வியர்வை அவன் புருவத்தில் தொங்கியது. வாயைத் திறந்தான், மூடினான். திறங்க, இன்னும் கொஞ்சம்.

"நீ குறுகுதுன்னு சொன்ன!" என்று கத்தினான். தகடு அதிர்ந்தது. "எனக்குக் கேட்டுச்சு! நான்தான் மிதிச்சேன்! நான் சொன்னது பொய்யி!"

மரத்தடியில் எஞ்சின் கட்டுகிறவர்களில் ஒருத்தர், பாதி சொல்ற டாக்டர் என்ற பெயரை வைத்தவர் அவர்தான் என்று அவளுக்குத் தெரியும், டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மயில்சாமியண்ணன் வரதனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மெதுவாக, "எனக்குக் கேட்டுச்சுங் அம்மிணி" என்றார்.

வரதன் வெளியே வர வெகுநேரம் பிடித்தது, சட்டைப் பை ஒரு குழாயில் மாட்டிக் கிழிந்தது. யாரும் கை கொடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று ஸ்பேனரை அவளிடம் நீட்டினான். "இப்பச் சரியா?" என்றான். "வருவியா?"

"மாட்டேன்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை, மலையேறி இறங்கியவன்போல ஒரு அசதிதான் இருந்தது, அதில் ஒரு துளி நிம்மதியும் இருந்ததாக அவளுக்குப் பட்டது, அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மரத்தடி ஆட்களைச் சுற்றிக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனான். லேத் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. மயில்சாமியண்ணன் முக்குப் பேக்கரியிலிருந்து ஒரு தேங்காய் பன்னும் டீயும் வாங்கிவந்து பானட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து வாயில் போட்டு, தேங்காய்ப்பூவின் தித்திப்பு நாக்கில் இறங்க இறங்க அந்தச் சத்தத்தை மனதுக்குள் மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாள், நான்தான் மிதிச்சேன், நான் சொன்னது பொய்யி, நன்றாகத்தான் இருந்தது, குரலில் நடுக்கம்கூடச் சரியான இடத்தில் விழுந்தது, ஆனாலும் அவசரப்பட்டுவிட்டோம், கேக்கல என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.